துளை: இசைக்கும் அகழ்வுக்கும் பொதுவான சொல்லைக் கையாளும் முறை

நாகசுரத்தின் மேற்புறத்தில் விரல்கள் மூடித் திறப்பதும் துளை. சுண்ணாம்புக்கல்லைப் பிளப்பதற்காக வெடிமருந்து இறக்கப்படுவதும் துளை. இசையும் சுரங்கத் தொழிலும் ஒன்றையொன்று தேடிப் போகாத துறைகள் என்றாலும், தமிழில் இரண்டும் தங்கள் கலைச்சொற்களிற் பலவற்றை இந்த ஒரு சொல்லின் மேல்தான் கட்டியிருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் கோயில் மலருக்காக நாகசுரக் கலைஞர் ஒருவரைப் பற்றிக் கட்டுரை எழுதுபவரும், கனிய அகழ்வு பற்றிய பாடக்குறிப்பைத் தமிழாக்கும் ஆசிரியரும், குழாய்க்கிணறு அமைப்பதற்கான அறிக்கையைத் தயாரிக்கும் உத்தியோகத்தரும் இச்சொல்லை அடிக்கடி எடுத்தாள நேர்கிறது. அவர்களுக்காகவும், இவ்விரு துறைகளில் ஒன்றைத் தமிழில் எழுதத் தொடங்கும் மாணவர்களுக்காகவும் இதனை எழுதுகிறேன்.

சொல் ஒன்றாக இருந்தாலும் அதனோடு சேரும் வினைகள் ஒன்றல்ல. அதன் அளவைச் சொல்லும் முறையும் ஒன்றல்ல. இவ்விரண்டையும் துறைக்கேற்ப மாற்றி எழுதப் பழகிக்கொண்டால், பெரும்பாலான பிழைகள் தாமாகவே விலகிவிடும்.

வினையைத் தெரிந்தெடுத்தல்

துளையை உண்டாக்கும் செயலுக்குத் தமிழில் இரண்டு வினைகள் முதன்மையாக உள்ளன. துளைத்தல் என்பது ஊடுருவிப் போவதைக் குறிக்கும். வண்டு மரத்தைத் துளைக்கிறது, பொறி பாறையைத் துளைக்கிறது. துளையிடுதல் என்பதோ குறித்த இடத்தில், குறித்த அளவில், ஒரு நோக்கத்தோடு துளையை அமைப்பதைக் குறிக்கும். ஆகவே மூங்கிலில் குழல் செய்பவர் துளையிடுகிறார் என்றுதான் எழுதவேண்டும். ‘மூங்கிலைத் துளைத்தார்’ என்றால், சுரத்துக்கு இடம் பார்த்துச் சூட்டுக்கம்பியை வைத்த அவருடைய கணக்கு அந்த வாக்கியத்தில் காணாமற் போய்விடுகிறது. அகழ்வுத் தொழிலில் இரண்டு வினைகளுக்கும் இடமுண்டு. பொறியின் இயக்கத்தைச் சொல்லும்போது துளைத்தல் பொருந்தும். பாறையில் எந்த ஒழுங்கில் எத்தனை துளைகள் அமைக்கப்பட்டன என்பதைச் சொல்லும்போது துளையிடுதல் பொருந்தும்.

உண்டான துளையோடு பிறகு சேரும் வினைகளில்தான் இரு துறைகளும் தெளிவாகப் பிரிகின்றன. இசையில் துளை திறக்கப்படும், மூடப்படும், பாதி மூடப்படும், விரலால் தடவப்படும். அகழ்வில் துளை இறக்கப்படும், துப்புரவாக்கப்படும், நிரப்பப்படும், வாயடைக்கப்படும். இசைத்துளை திரும்பத் திரும்பப் பயன்படுவது. வெடித்துளை ஒரேயொரு முறை பயன்பட்டுத் தான் இருந்த பாறையோடு சேர்ந்து அழிவது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்திருந்தால் ‘துளை இயக்கப்பட்டது’ போன்ற பொதுப்படையான, எதையும் காட்டாத தொடர்கள் நம் எழுத்துக்குள் வரமாட்டா.

அடைத்தல் என்ற வினை மட்டும் இரண்டு பக்கமும் நிற்கிறது. நாகசுரத்தின் உலவில், அதாவது சீவாளி என்னும் ஊதும் நாக்குக்கும் அணைசு என்னும் விரிந்த அடிவாய்க்கும் இடைப்பட்ட நீண்ட மர உடலில், பன்னிரண்டு துளைகள் இருக்கும். அவற்றுள் ஏழு, விரல்கள் ஆளும் துளைகள். கீழ்ப்பகுதியிலுள்ள ஐந்தின் மேல் விரல் படுவதில்லை. கச்சேரிக்கு முன் கலைஞர் சிறிது மெழுகை விரல்களுக்கிடையே உருட்டி இளக்கி, அந்தக் கீழ்த்துளை ஒன்றின் விளிம்பில் ஒட்டி, அடிச்சுரத்தை ஊதிப் பார்த்து, ஒத்து நிற்கவில்லையானால் மெழுகைச் சற்றுச் சுரண்டியோ கூட்டியோ மறுபடி ஊதிப் பார்ப்பதைக் கூர்ந்து கவனித்தால், துளையை அடைத்தல் என்பது இங்கே சுருதியைச் சரிசெய்யும் நுட்பமான வேலை என்பது விளங்கும். கல்லுடைக்கும் இடத்திலும் துளையை அடைக்கிறார்கள். மருந்து இட்டபின் எஞ்சிய மேற்பகுதியைக் களிமண்ணாலோ கல்தூளாலோ இறுக அடைக்காவிட்டால், வெடிப்பில் எழும் வாயு கல்லைப் பிளக்காமல் துளையின் வாய்வழியே வீணாகப் போய்விடும். ஆகவே இசை பற்றி எழுதும்போது ‘மெழுகிட்டு அடைத்தார்’ என்று பொருளையும் சேர்த்துச் சொல்லுங்கள். அகழ்வு பற்றி எழுதும்போது ‘வாயடைத்தார்’ என்று சொல்லுங்கள். அடைத்தார் என்று மட்டும் நிறுத்தினால் வாசகர் துளை கைவிடப்பட்டது என்று விளங்கிக்கொள்ளக்கூடும்.

அளவைச் சொல்லுதல்

இசைத்துளைக்கு உயிர் அதன் இடம். ஊதும் வாய்க்கு அருகிலுள்ள துளை திறந்திருந்தால் அதிரும் காற்றின் நீளம் குறைந்து சுரம் உயரும். தொலைவிலுள்ளது மட்டும் திறந்திருந்தால் நீளம் கூடிச் சுரம் தாழும். துளையின் அகலமும் சுரத்தை மாற்றும். ஆனால் ஆழம் என்ற பேச்சு இங்கே எழுவதேயில்லை. இதனைச் சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் மிக அழகாகக் காட்டியிருக்கிறார். குழலின் நீளம் இருபது விரல், சுற்றளவு நாலரை விரல் என்று வகுக்கும் அவர், குடைந்தபின் எஞ்சும் மரத்தின் கனம் ஒரு நெல்லரிசியிற் பாதி என்கிறார். அரை அரிசிக் கனமுள்ள சுவரில் துளைக்கு ஆழம் ஏது?

அதன்பிறகு அவர் கொடுக்கும் கணக்கை ஒருமுறை கூட்டிப் பார்ப்பது நல்லது. ஒரு முனையிலிருந்து இரண்டு விரல் நீக்கி முதல்வாய். முதல்வாயிலிருந்து ஏழு விரல் வெறுமையாக விடப்படும். மறுமுனையில் இரண்டு விரல் நீக்கப்படும். நடுவில் எஞ்சிய ஒன்பது விரல் நீளத்தில் எட்டுத் துளைகள் இடப்படும். இரண்டும் ஏழும் ஒன்பதும் இரண்டும் சேர்ந்து இருபது. அளவு முழுவதும் ‘எங்கிருந்து எவ்வளவு தள்ளி’ என்ற நோக்கிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. இன்றைக்கு ஒரு புல்லாங்குழலைப் பற்றி எழுதுபவரும், விரலுக்குப் பதிலாக மில்லிமீற்றரைப் பயன்படுத்தினாலும், இதே நோக்கில் எழுதினால்தான் செய்பவருக்குப் பயன்படும்: முதலில் ஊதும் வாயிலிருந்துள்ள தூரம், அடுத்து துளையின் விட்டம், அவசியமானால் மூங்கிலின் கனம்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அடியார்க்கு நல்லார் அந்த எட்டுத் துளைகளில் ஒன்றை முத்திரை என்று கழித்துவிட்டு, மீதி ஏழிலும் ஏழு விரல் வைத்து ஊதச் சொல்கிறார். இன்றோ முத்திரைத் துளை என்ற பெயர், வாய் வைத்து ஊதும் துளைக்கு வழங்கக் காண்கிறோம். பழைய உரையையும் இன்றைய பாடநூலையும் அருகருகே வைத்து எழுதும் மாணவர், இரண்டிலும் முத்திரை என்ற சொல்லைக் கண்டு, ஒன்றென்று எடுத்துக்கொள்வது எளிது. அப்படி எடுத்துக்கொண்டால் துளைகளின் எண்ணிக்கையே பிழைத்துவிடும். அணைசு என்ற சொல்லிலும் இதே சிக்கல் உண்டு. உரையில் அது குழலின் ஒரு முகத்தை அடைக்கும் வெண்கல உறுப்பு. நாகசுரத்தில் அது விரிந்த வாயாக அமையும் அடியுறுப்பு. என் பரிந்துரை இது: பழைய நூலைப் பற்றி எழுதும்போது முதல்வாய் என்றும், இன்றைய குழலைப் பற்றி எழுதும்போது ஊதுதுளை என்றும் எழுதிவிட்டு, முத்திரை என்ற சொல்லை அதன் பொருளை அந்த வாக்கியத்திலேயே விளக்கும் இடத்தில் மட்டும் பயன்படுத்துங்கள்.

அகழ்வுத்துளைக்கு உயிர் அதன் ஆழம். கையாற் பிடித்து இயக்கும் பொறியால் இடப்படும் வெடித்துளை ஏறத்தாழ 30 முதல் 40 மில்லிமீற்றர் விட்டமே உடையதாயினும் மீற்றர்க்கணக்கில் உள்ளே இறங்கும். ஆகவே அகழ்வுக் குறிப்பில் விட்டம், ஆழம், சாய்வு என்ற மூன்றையும், துளைகள் பலவாக இருக்கும்போது ஒன்றுக்கொன்று உள்ள இடைவெளியையும், பாறையின் திறந்த முகத்திலிருந்து முதல் வரிசைத் துளைகள் எவ்வளவு உள்ளே தள்ளி நிற்கின்றன என்பதையும் சொல்லவேண்டும். இவற்றுள் ஒன்றை விட்டாலும் அந்தக் குறிப்பைக் கொண்டு எவரும் வேலை செய்ய முடியாது. முகம், வாய் என்னும் உறுப்புப் பெயர்களும் குழல் இலக்கணத்தில் வருவதுபோலவே இங்கும் வருகின்றன. வாய், முகம் என்று உடலிலிருந்து எடுத்த எளிய சொற்களாலேயே இரண்டு கடினமான தொழில்களையும் தமிழ் பேசிவிடுகிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

நம் ஊரில் ஆழத்தைப் பிழையின்றி எழுதவேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குடாநாட்டின் அடியில் கிடப்பது நீரை உள்ளிழுத்து வைத்திருக்கும் சுண்ணாம்புக்கல். அதற்குள் மழைநீரால் ஆன நன்னீர், அடர்த்தி கூடிய கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. குழாய்க்கிணற்றுத் துளை அளவுக்கு மீறி ஆழமாகப் போனால் உவர்நீரைத் தொட்டுவிடும். எனவே கிணற்றுத் துளையின் ஆழம் எங்கிருந்து அளக்கப்பட்டது, நிலமட்டத்திலிருந்தா கடல்மட்டத்திலிருந்தா என்பதை எழுதாத அறிக்கை முழுமையானதல்ல.

ஒற்றெழுத்தின் காவல்

துளைக்கருவி என்று க் மிகுந்து வந்தால் அது துளையை உடைய கருவி. குழல், நாகசுரம், கொம்பு, சங்கு முதலியவை. துளைகருவி என்று ஒற்று மிகாமல் வந்தால் அது வினைத்தொகை. துளைக்கும் கருவி, அதாவது பாறையையோ மரத்தையோ துளைக்கும் பொறி. உரைக்கும் கல் உரைகல் ஆவதும் ஊறும் காய் ஊறுகாய் ஆவதும் இந்த விதியினாலேயே. ஒரே ஒரு மெய்யெழுத்து இசையையும் சுரங்கத்தையும் பிரித்து நிறுத்துகிறது. இலக்கணப்படி இது முற்றிலும் சரியானது என்றாலும், அச்சில் ஒரு க் விழுவதும் ஏறுவதும் சாதாரணமாக நடப்பதால், இந்த வேறுபாட்டை மட்டும் நம்பி எழுதுவதை நான் ஆதரிக்கமாட்டேன். இசைக்குத் துளைக்கருவி என்பதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். தோல், துளை, நரம்பு, கஞ்சம் (வெண்கலம்) என்று கருவிகளை வகுக்கும் மரபில் அது உறுதியாக நிலைத்துவிட்டது. பொறிக்குத் துளையிடும் கருவி என்று விரித்தோ துளைப்பான் என்று சுருக்கியோ எழுதுங்கள். தச்சர் கையாளும் சிறு கருவிக்குத் துறப்பணம் என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. அதனைக் கைவிடவேண்டிய தேவை எதுவுமில்லை.

மற்றத் தொடர்களையும் இப்படியே சோதித்துப் பார்க்கலாம். வெடிக்காக இடப்படும் துளை வெடித்துளை. அங்கே த் மிகும். ஊதுகின்ற துளை ஊதுதுளை, அங்கே மிகாது. தமிழ்நாட்டில் வழங்கும் ஆழ்துளைக் கிணறு என்ற தொடரில் ஆழ் என்பதன் பின் ஒற்று மிகாமையும், துளை என்பதன் பின் க் மிகுவதும் ஒரே தொடரில் இரண்டு விதிகளையும் காட்டுகின்றன. நாம் குழாய்க்கிணறு என்கிறோம்; இலங்கை வாசகருக்கு எழுதும்போது அதுவே போதும். குழல் என்பதும் குழாய் என்பதும் ஒரே அடியிற் பிறந்தவை என்பதால், கிணற்றின் பெயருக்குள்ளும் ஓர் இசைக்கருவியின் உறவு இருக்கத்தான் செய்கிறது.

விரல், கல் என்பவற்றோடு துளை சேரும்போது விரற்றுளை, கற்றுளை என்று புணர்த்தி எழுதுவது யாழ்ப்பாணத்துப் பழைய ஆசிரியர்களின் வழக்கம். கலைச்சொற்றொகுதி என்று எழுதிப் பழகிய மண் இது. ஆராய்ச்சிக் கட்டுரையில் அவ்வாறு எழுதுவது அழகுதான். ஆயினும் இளம் மாணவர்களுக்கு எழுதும்போது விரல் துளை என்று பிரித்தே எழுதுங்கள். துளை என்ற சொல் கண்ணுக்குத் தெரியாமற் போனால் அவர்கள் அதைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

அருகில் நிற்கும் சொற்கள்

ஓட்டை என்பது பேச்சில் எல்லா இடத்திலும் வரும். எழுத்தில் அது சேதத்தைக் குறிக்கும் சொல். வாளியில் ஓட்டை, கூரையில் ஓட்டை. நாகசுரத்தில் ஏழு ஓட்டைகள் உள்ளன என்று எழுதினால் அந்தக் கருவி பழுதாகிவிட்டது என்றே பொருள்படும். குழல் உண்மையிலேயே வெடித்துக் காற்றுக் கசியும்போது மட்டும் ஓட்டை என்று எழுதுங்கள். துவாரம் பிழையான சொல்லன்று. மூக்குத் துவாரம், நவத்துவாரம் என்னும் தொடர்களில் அது நன்றாக இருக்கிறது. கருவிக்கும் பாறைக்கும் துளை இருக்கும்போது துவாரத்தைத் தேடிப்போகத் தேவையில்லை.

புழை என்ற சொல்லை மறுபடி வழக்குக்குக் கொண்டுவர வேண்டும் என்பது என் விருப்பம். குழலின் உள்ளே நெடுக ஓடும் வெளியும், மேலே விரல் படும் சிறு வாய்களும் வேறுவேறானவை. இரண்டையும் துளை என்றே எழுதினால் வாசகர் குழம்புவார். உள்ளே ஓடுவதை உட்புழை என்றும் மேலே உள்ளவற்றைத் துளை என்றும் எழுதினால் தெளிவு வந்துவிடும். நாகசுரத்தின் உட்புழை மேலே ஒடுங்கி, கீழே வரவர விரியும். புல்லாங்குழலின் உட்புழை நெடுகிலும் ஏறத்தாழ ஒரே அகலமுடையது. இவ்விரு வாக்கியங்களையும் துளை என்ற சொல்லை வைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள், சிரமம் தெரியும்.

நிலத்திலும் இவ்வாறே பிரிக்கவேண்டும். ஆள் இறங்கிப் போகக்கூடிய அகழ்வு துளையாகாது. மேலே திறந்து அகன்று கிடந்தால் அது கிடங்கு. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டிய இடங்களை நம்மவர் கிடங்கு என்று சொன்னால் வடபகுதியில் எவருக்கும் விளங்கும். தமிழ்நாட்டு வாசகருக்குக் கிடங்கு என்பது பண்டகசாலை. அவர்களும் படிப்பார்கள் என்றால் கற்குழி என்று எழுதுவது பாதுகாப்பானது. சுண்ணாம்புக்கல் நீரிற் கரைந்து தானாகவே குழிந்த பள்ளத்துக்குப் பொக்கணை என்ற ஊர்ச்சொல் இருக்கிறது. நிலத்தின் கீழே நீண்டு செல்லும் வழி சுரங்கம் அல்லது சுருங்கை. இலங்கையில் போகலவிலும் கஹட்டகஹவிலும் காரீயம், அதாவது பென்சிற்கரி, எடுப்பது இத்தகைய நிலக்கீழ் வழிகளில்தான். புல்மோட்டைக் கனிய மணலோ கரையில் மேலே கிடப்பது. அதை அகழ்வதைச் சுரங்கத் தொழில் என்று மொழிபெயர்ப்பதைத் தவிர்த்து, கனிய அகழ்வு என்று எழுதினால் இரண்டுக்கும் பொருந்தும்.

சுருங்கை என்ற சொல்லில் சற்று நின்று போகவேண்டும். மதுரையில் யானைக்கூட்டம் செல்லும் சுருங்கை வீதியைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது; நிலத்தடி வழி என்ற பொருளில் அது அவ்வளவு பழையது. வடமொழியிலுள்ள சுருங்கா என்ற சொல்லோடு தொடர்புடைய இது, கிரேக்க மொழியின் சூரிங்ஸ் என்ற சொல்லிலிருந்து வந்தது என்பது சொல்லாராய்ச்சியாளர் பலரும் ஏற்கும் முடிவு. சூரிங்ஸ் என்பது கிரேக்கத்தில் ஆயர் ஊதும் குழலுக்கும் பெயர், கோட்டை மதிலின் கீழ் தோண்டும் சுரங்கவழிக்கும் பெயர். நம் சுரங்கத்தின் பெயரே முன்பு ஒரு குழலின் பெயராக இருந்திருக்கிறது.

தமிழிலேயே பிறந்த ஒரு வினையும் இவ்வாறு இருபுறமும் நிற்கிறது. குயிலுதல் என்றால் துளைத்தல். இசைத்தல் என்றும் பொருள். மதுரைக்காஞ்சி மணிகளைத் துளையிடும் தொழிலாளரைத் திருமணி குயினர் என்கிறது. சிலப்பதிகாரம் வாத்தியக் கலைஞரைக் குயிலுவ மாக்கள் என்கிறது. அகநானூற்றின் 82ஆம் பாட்டில் கபிலர், அசையும் மூங்கிலில் வண்டு குயின்ற துளைகளின் வழியே கோடைக்காற்று புகுந்து குழலிசை எழுப்புவதைப் பாடுகிறார். தொள் என்ற அடியிலிருந்து வந்த இன்னொரு வினையை வள்ளுவர் 418ஆம் குறளில் வைத்திருக்கிறார். கேள்வியால் தோட்கப்படாத செவி என்பது கேள்வியால் துளைக்கப்படாத செவி. இப்பழைய வினைகளை அகழ்வு அறிக்கையில் புகுத்த வேண்டாம். இசைக்கட்டுரையிலோ இரத்தினக்கல் வேலைப்பாடு பற்றிய கட்டுரையிலோ, ஓரிடத்தில் பொருள் விளங்க எடுத்தாண்டால் நன்றாக இருக்கும்.

எழுதி முடித்தபின் சரிபார்க்க வேண்டிய சிறு செய்திகள் சில உள்ளன. ஆர்மோனியத்தைத் துளைக்கருவிப் பட்டியலிற் சேர்ப்பதைவிடக் காற்றுக்கருவி என்று தனியே சொல்வது சரியானது. அதில் ஒலிப்பது உலோக நாக்கு, விரல் மூடித் திறக்கும் துளை அங்கே கிடையாது. வீணையின் குடத்திலும் துளை இருக்கலாம். அதனால் வீணை துளைக்கருவி ஆகிவிடாது. எண்ணோடு வரும்போது ஏழு துளை என்றும் ஏழு துளைகள் என்றும் இரண்டு விதமாகவும் எழுதலாம். அஃறிணைக்குப் பன்மை விகுதி கட்டாயமன்று. ஒரே கட்டுரைக்குள் இரண்டையும் கலக்காமலிருந்தாற் போதும். அட்டவணையில் துளைகளுக்கு இலக்கமிடும்போது எந்த முனையிலிருந்து எண்ணத் தொடங்கினீர்கள் என்பதை மேலே ஒரு வரியில் எழுதிவிடுங்கள். குழலானால் ஊதுதுளையின் பக்கத்திலிருந்து, பாறையானால் திறந்த முகத்துக்கு அருகிலுள்ள வரிசையிலிருந்து.